இரண்டு பேர் பந்தி

ஜூலை 17, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்குத் தென்காசி வட்டாரத்தில் ஒருவனும் தாலி கட்டமாட்டான். கல்யாணச் சமையல்காரன் குற்றாலிங்கத்துக்கும் சோலி கிடையாது.

பலசரக்குக் கடையில் வருஷா வருஷம் கொடுக்கிற இந்த டைரியில்தான் நான் ஆர்டர் எழுதுவது. பார்ட்டி பெயர், மண்டபம், ஆள் எத்தனை, என்ன பாயசம். தையிலிருந்து ஆனி வரை எழுத இடம் போதாது. ஆடிப் பக்கங்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று கிடக்கும், பார்க்கவே எனக்குப் பிடிக்காது. இந்த வருஷம் அதிலும் ஒரு ஆர்டர் வந்துவிட்டது! அதுவும் என் வீட்டிலிருந்தே.

என் மகள் உலகம்மைக்குச் சென்னையில் இன்ஜினியரிங் கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் ஐந்தாம் தேதி ரயில். பிறகு ஹாஸ்டல்தான். போகிற பிள்ளைக்கு ஏதாவது வாங்கித் தருவோமே என்று, "என்ன மக்களே வேணும், புதுப் போனா, வாட்ச்சா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டாம்ப்பா. ரெண்டு நாள் நீங்க வேணும்."

மேக்கரைப் பக்கம் மலையடிவாரத் தோப்பில் கூடாரம் வாடகைக்கு விடுகிறார்களாம். சனி, ஞாயிறு தங்கலாம். நாமே சமைத்துக்கொள்ள வேண்டும்.

"சமையல் உங்க பொறுப்பு. அம்மாவும் வாரா, அவளுக்கு அடுப்படி லீவு. வாரியளா, மாட்டியளா?"

"வாரேன். ஆடியில எனக்கு வேற என்ன சோலி?"

அடுப்படியிலிருந்து கோமதி குரல் கொடுத்தாள். "நல்லா கேட்டுக்கோ உலகு. கொடைக்கானலுக்கும் இப்படித்தான் தலையாட்டுனாவ. கன்னியாகுமரிக்கும் இப்படித்தான். பெட்டியைக் கட்டி வச்ச பொறவு முகூர்த்தம் வந்துட்டுன்னு கரண்டியைத் தூக்கிட்டுப் போனாவ."

முகூர்த்தம் வந்தால் நான் என்ன செய்ய முடியும்? நாள் பார்ப்பது நானா? உலகு சிரிக்கவில்லை. "இந்தத் தடவையும் வரலேன்னா இனி கேக்க மாட்டேன்ப்பா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

முறைப்படி எழுதிக்கொண்டேன். பார்ட்டி: உலகு. இடம்: மேக்கரைத் தோப்பு. ஆகஸ்ட் 1, 2. ஆள்: இரண்டு.

ஜூலை 18, சனி

விடியும் முன்பே மெனு தயார். சனி மத்தியானம் இடி சாம்பார், அவியல், உருளைக்கிழங்கு காரக்கறி, பருப்புப் பாயசம். சாயங்காலம் கேசரி, பஜ்ஜி. ஞாயிறு காலை பொங்கல், வடை. மத்தியானம் சொதி, இஞ்சிப் பச்சடி. நம்ம பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் சொதி வைக்காவிட்டால் சம்பந்தி வீட்டில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள், மகளுக்கு மட்டும் குறை வைக்கலாமா?

உலகு சத்தமாக வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, நாம போறது கேம்ப்புக்கா, கல்யாணத்துக்கா? சொதிக்குத் தேங்காப்பால் எடுக்க யாரு, குரங்கா வரும்?"

பிறகு நிபந்தனை போட்டாள். ஒரு அடுப்பு. ஒரு பாத்திரம். அரை மணி நேரத்தில் ஆக வேண்டும். மொத்தச் சாமானும் ஒரே பைக்குள் அடங்க வேண்டும். ஒரு பைக்குள் என் கரண்டிகளே அடங்காது! ஆனாலும் இப்படிப்பட்ட ஆர்டர் எனக்கு வந்ததே இல்லை. காலையிலிருந்து உட்கார முடியவில்லை, என்னவோ பொண்ணு பார்க்கப் போகிறவன் மாதிரி முற்றத்தில் நடந்துகொண்டிருக்கிறேன்.

ஜூலை 19, ஞாயிறு

மெனுவிலிருந்து அவியலை அடித்தேன். மனசே இல்லை.

ஜூலை 21, செவ்வாய்

கூட்டாஞ்சோறு! இது எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை? அரிசி, பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்கீரை, துண்டு மாங்காய். தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்துப் போட்டு ஒரே பாத்திரத்தில் இறக்கலாம். சின்னப் பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றாக வீட்டிலிருந்து கொண்டுவந்து தெருவில் மூன்று கல் வைத்து ஆக்குகிற சோறு. பக்கத்தில் வடகம் பொரித்தால் ராஜா சாப்பாடு.

கோமதியை வெளியே அனுப்பிவிட்டு அவள் அடுப்படியில் ஒத்திகை பார்த்தேன். அங்கேதான் அடி விழுந்தது. மூட்டை அரிசிக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டால் தூக்கத்தில்கூடக் கை சரியாக அள்ளிப் போடும். ஒரு ஆழாக்கு அரிசிக்கு எவ்வளவு? கை என்னைக் கேட்காமலே அள்ளிவிட்டது.

கோமதி ஒரு வாய் வைத்துவிட்டு நேராகக் கிணற்றடிக்கு ஓடினாள். "இது சோறா, தூத்துக்குடி உப்பளமா?"

"நீங்க ருசி பாக்கலியா அப்பா?" என்று உலகு கேட்டாள்.

நல்ல கேள்வி. பார்ப்பதில்லை. ஆக்குப்புரையில், அதாவது கல்யாண வீட்டுச் சமையல் கொட்டகையில், கொதிக்கிற ஆவியை மோந்து பார்த்தே உப்பு, புளி சொல்லிவிடுவேன். விருந்தாளி வாயில் வைக்கும் முன்னால் நாம் வைக்கக் கூடாது. கடைசிப் பந்தி எழுந்து, இலை எடுத்து, பாத்திரம் கழுவப் போட்ட பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. மிச்சம் இருந்தால் சோறு, இல்லாவிட்டால் மோர். ஆர்டர் எழுதும்போதும் எங்களை ஆள் கணக்கில் சேர்க்கிற வழக்கமில்லை. முப்பது வருஷமாக இதுதான் முறை. அவளுக்கு விளக்கமாகச் சொன்னேன்.

"அப்போ நீங்க ஆக்குனதைச் சூடா நீங்க சாப்பிட்டதே இல்லியா?" என்றாள். பிறகு, "நானும்தான்," என்றாள்.

உண்மைதான். வீட்டில் நான் சமைத்ததில்லை. மண்டபத்திலிருந்து தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுப்பேன், அதற்குள் ஆறியிருக்கும். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். சமையல்காரன் பிள்ளைக்கு ஆறின சாம்பார். இதைச் சொல்லிச் சிரித்தேன், கோமதியும் சிரித்தாள்.

ஜூலை 23, வியாழன்

இரண்டாம் ஒத்திகை. உப்பு குறைந்துவிட்டது. பரவாயில்லை, குறைந்தால் போட்டுக்கொள்ளலாம், கூடினால் என்ன செய்வது? முன்னேற்றம்தான்.

சாயங்காலம் பாத்திரக் கடைக்குப் போய் ஒரு சின்ன அலுமினியப் பானையும் கைக்கரண்டியும் வாங்கினேன். கடைக்காரர் என்னைத் தெரிந்தவர். "என்ன அண்ணாச்சி, பேத்திக்கு விளையாட்டுச் சாமானா?" என்றார். "பெரிய ஆர்டர் வே," என்றேன். அப்படியே தட்டு இரண்டு, தம்ளர் இரண்டு, எடை இல்லாததாகப் பார்த்து எடுத்தேன். ஒரே பைக்குள் அடங்க வேண்டுமே.

முடிவான மெனு இது. போகிற வழிக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, வாழையிலையில் ஆளுக்கு ஒரு பொட்டலம். எண்ணெய் நிறைய விட்டால் மறுநாள்கூடக் கெடாது. சனி மத்தியானம் கூட்டாஞ்சோறு. ராத்திரிக்குப் புளிக்காய்ச்சலைப் பாட்டிலில் கொண்டுபோய்ச் சோறு வடித்துப் பிசைந்துகொள்வது. ஞாயிறு காலை உப்புமா. ரவையை இங்கேயே வறுத்து, கடுகு, உளுந்து, மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் தாளித்துச் சேர்த்துப் பையில் கட்டிவிட்டால் அங்கே வெந்நீரில் கொட்டிக் கிளறினால் போதும். வெட்டு இல்லை, அரைப்பு இல்லை. தேங்காயைக்கூட ஈரமில்லாமல் வறுத்துப் பொடித்துவிடப் போகிறேன். இவ்வளவு மூளை எனக்கு இருக்கிறதென்று எனக்கே தெரியாது!

ஜூலை 25, சனி

நல்ல சாரல். செங்கோட்டை மரக்கடை பலவேசம் முதலாளி காரில் வந்தார். அவர் தங்கச்சி கல்யாணத்தில்தான் நான் முதன்முதலாகத் தலைமைக் கரண்டி பிடித்தது. அவருக்கு அறுபதாம் கல்யாணமாம். அது பிறந்த நட்சத்திரத்தில்தான் செய்ய வேண்டும், ஆடியா ஆவணியா என்று பார்க்க முடியாது.

"ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி வே. ஆயிரம் இலை விழும். உம்ம கைதான் வேணும். வேற எவனையும் உள்ள விடமாட்டேன்."

காப்பி குடித்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உலகு வாசல் படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 26, ஞாயிறு

விசேஷம் ஒன்றுமில்லை. உலகு சரியாகச் சாப்பிடவில்லை. சளியாக இருக்கும்.

ஜூலை 27, திங்கள்

ஆயிரம் இலை எனக்குப் புதிதில்லை. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். ஆனால் இந்த இரண்டு நாள் தோப்பில் சமையல் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுமே, மிச்ச நேரம் என்ன பேசுவது? கல்யாண வீட்டில் ஆயிரம் பேரிடம் பேசுகிறேன். பதினெட்டு வயசுப் பிள்ளையிடம் என்ன பேச வேண்டுமென்று யாரிடம் போய்க் கேட்பது? அவள் படிப்பைப் பற்றிக் கேட்கலாம். என்ன படிப்பு என்பதை மறுபடி கோமதியிடம் விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பயமெல்லாம் ஒன்றுமில்லை.

ஜூலை 28, செவ்வாய்

கோமதியின் தம்பி ஆவுடையப்பன் வந்தான். பதினேழு வருஷமாக என்னோடு இரண்டாம் கரண்டி. முதலாளி வந்துபோன விஷயம் அவனுக்கு எட்டியிருக்கிறது. சுற்றி வளைத்துச் சாரலைப் பற்றிப் பேசினான், விலைவாசியைப் பற்றிப் பேசினான். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தான்.

"அத்தான், நான் ஒண்ணு சொன்னா கோவப்படப்பிடாது. நீங்க பிள்ளையோட போங்க. ஆயிரம் இலையை நான் பாத்துக்கிடுதேன்."

"நீயா? பாயசத்துக்கு வெல்லப்பாகு இறக்கத் தெரியுமால உனக்கு?"

"பத்து வருசமா நாந்தான இறக்குதேன். நீங்க பக்கத்துல நின்னு மோந்துதான பாக்கிய?"

சவத்துப்பயல், உண்மையைச் சொல்லிவிட்டான்.

ஜூலை 30, வியாழன்

செங்கோட்டை போய் முதலாளியைப் பார்த்தேன். ஆவுடை கை என் கைதான், குறை வந்தால் என்னைக் கேளுங்கள் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "அப்படி என்ன வே பெரிய ஆர்டர் வந்துட்டு?" என்றார்.

"மக ஆர்டர், முதலாளி."

அப்புறம், "சரி, போய்ட்டு வாரும். என் மக அமெரிக்காவுல இருக்கா, விசேசத்துக்கு வரலே," என்றார்.

பஸ்ஸில் வரும்போது மனசு பஞ்சாகிவிட்டது. தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன் போல, கண்டக்டர் இரண்டு தடவை பார்த்தார். வீட்டில் சொல்லவில்லை. வருகிறேன் என்று முதல் நாளே சொல்லியாயிற்று, திரும்ப என்னத்தைச் சொல்ல?

ஜூலை 31, வெள்ளி

காலையில் முதலாளி வீட்டு வேன் வந்து என் பெரிய வார்ப்புகளையும் அண்டாக்களையும் ஏற்றிக்கொண்டு போனது. ஆவுடையைக் கூட்டிவைத்து ரசம் எப்போது, வடை எப்போது என்று எல்லாம் சொல்லி அனுப்பினேன்.

பிறகு முற்றத்தில் உட்கார்ந்து என் பையைக் கட்டினேன். ஆகா, என்ன அழகாக அடங்கியது! சின்னப் பானை, ரவைப் பை, அரிசி பருப்புப் பை, நறுக்கின காய், கீரை, வறுத்த தேங்காய்ப் பொடி, உப்பு டப்பா, புளிக்காய்ச்சல் பாட்டில், வடகம். சாரலில் விறகு நனைந்திருக்கும் என்று காய்ந்த தேங்காய்ச் சிரட்டை ஒரு சாக்கு. அது தனி, அதைப் பையில் சேர்க்கக் கூடாது. தட்டு இரண்டு. தம்ளர் இரண்டு. காலையில் கட்ட வேண்டிய இட்லிக்கு வாழையிலை இரண்டு. ஒன்று கூட இல்லை, ஒன்று குறைய இல்லை.

உலகுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வேன் போன தெருவைப் பார்த்தாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லாப்பா," என்றாள்.

"எதை?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் கேட்டது. கோமதி போய்த் தட்டிப் பார்த்தாள், திறக்கவில்லை. கோமதி என்னை முறைத்தாள்.

"என்ன சொன்னிய பிள்ளையை?"

சத்தியமாக ஒன்றும் சொல்லவில்லை. ஒரே பை என்றாள், ஒரே பை. ஒரே பாத்திரம் என்றாள், ஒரே பாத்திரம். சரிபார்த்துவிட்டேன், எதுவும் விட்டுப்போகவில்லை. ஹாஸ்டல் போகிற கவலையாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 1, சனி காலை

இட்லி வெந்தாயிற்று. வெளுத்த சட்டை போட்டு, வாடகைக் கார் முன்சீட்டில் முதல் ஆளாக நான் உட்கார்ந்திருக்கிறேன். உலகு வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"நீங்க எங்க?"

"கேம்ப்புக்குத்தான். வேற எங்க?"

"தங்குவியளா, இல்ல எங்களை இறக்கி விட்டுட்டு வந்துருவியளா?"

என்ன கேள்வி கேட்கிறாள் பாருங்கள். கார் கிளம்பப் போகிறது, மற்றது பிறகு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தோம். சட்டையெல்லாம் சிரட்டைப் புகை. குளிக்கும் முன்னால் எழுதிவிடுகிறேன்.

போகிற வழியில் இட்லிப் பொட்டலத்தைக் கொடுத்தேன், ஆளுக்கு ஒன்று. உலகு தன்னுடையதைப் பிரிக்கவில்லை. வாசிக்கவும் இல்லை, பாட்டுக் கேட்கவும் இல்லை. என் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள் என்று கோமதி பிற்பாடு சொன்னாள்.

தோப்பு எப்படிப்பட்ட தோப்பு! பின்னாலேயே மலை, மலை மேலே மேகம் உட்கார்ந்திருக்கிறது. மாமரங்களுக்கு இடையில் மூன்று நான்கு கூடாரம், பக்கத்தில் ஓடை. சமைக்க ஓலை வேய்ந்த ஒரு சாய்ப்பு, அதில் மூன்று கல் அடுப்பு. விறகு நான் சொன்னபடியே நனைந்து கிடந்தது. தோப்புக்காரர் கையைப் பிசைந்தார். சிரட்டைச் சாக்கை அவிழ்த்தேன். மூன்றே சிரட்டையில் அடுப்பு பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கூடாரத்துப் பையன்கள், மதுரைக்காரர்கள், கைதட்டினார்கள். அப்போது உலகு முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது, பார்த்துவிட்டேன்.

கூட்டாஞ்சோறு கொதித்தது. ஆவியை மோந்தேன். தேங்காயும் சீரகமும் முருங்கைக்கீரையும் சேர்ந்து தோப்பு முழுக்க மணம். வடகத்தைத் தணலில் சுட்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன், செங்கோட்டையில் இந்நேரம் முதல் பந்தி உட்கார்ந்திருக்கும். ஆவுடை ரசத்தை இறக்கினானோ என்னவோ. போனை எடுத்தேன், அந்தக் காட்டில் எங்கே சிக்னல்? மறுபடி உள்ளே வைத்தேன். உலகு அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாய் விரித்து இரண்டு தட்டையும் வைத்தேன். கோமதிக்கு ஒன்று, உலகுக்கு ஒன்று. ஆவி பறக்கப் பரிமாறி, ஓரத்தில் வடகம் வைத்து, துண்டைத் தோளில் போட்டு நின்றுகொண்டேன்.

"சாப்பிடு மக்களே, ஆறிடப்பிடாது."

அவள் கை வைக்கவில்லை. "உங்க தட்டு எங்கப்பா?"

"எனக்கென்ன அவசரம்? நீங்க முடிங்க. பொறவு பாத்துக்கிடலாம்."

"பொறவுன்னா எப்போ? மரக்கடை கார் வந்து உங்களைக் கூட்டிட்டுப் போன பொறவா?"

"எந்தக் கார்?"

அவ்வளவுதான், பிள்ளை உடைந்துவிட்டாள். "நேத்தே பாத்தேன்ப்பா. தட்டு ரெண்டு, தம்ளர் ரெண்டு, எலை ரெண்டு. வேன்ல வார்ப்பு ஏறுனதையும் பாத்தேன். எங்களை இங்கன விட்டுட்டு ஆயிரம் இலைக்குப் போகத்தான ரெண்டே ரெண்டா எடுத்து வச்சிய? பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்ததுக்கு வரலேன்னே சொல்லியிருக்கலாம்."

கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். "அந்த ஆர்டரை ஆவுடைகிட்ட குடுத்துட்டேனே. வியாழக்கிழமையே முதலாளிகிட்ட சொல்லிட்டேன், மக ஆர்டர் இருக்குன்னு."

"பொறவு என்னத்துக்கு ரெண்டு தட்டு?"

"ஆள் ரெண்டுதான மக்களே. நீயும் அம்மாவும். சமைக்கிறவனை எந்தப் பந்தியில கணக்குல சேத்திருக்கு?"

அதைச் சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கே காதில் விழுந்தது.

கோமதி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "ஏ உலகு, உங்கப்பா உன்னைய விட்டுட்டுப் போகலடி. தன்னையத்தான் வீட்டுல விட்டுட்டு வந்திருக்காவ."

உலகு எழுந்தாள். சாரலில் நனைந்துகொண்டே ஓடைக்கரைக்குப் போய்த் தோப்புக்காரரைக் கேட்டு ஒரு வாழையிலை அறுத்துக்கொண்டு வந்தாள். பாயில் அவளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் போட்டாள். தண்ணீர் தெளித்தாள். முனை இடதுபுறம் இருக்க வேண்டும் என்பதுகூடத் தெரிந்திருக்கிறது பிள்ளைக்கு.

"உக்காருங்க."

"நீங்க சாப்பிட்டு..."

"அப்பா, உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவள் கரண்டியை வாங்கிக்கொண்டு எனக்குப் பரிமாறினாள். என் இலைக்கு மேலே ஆவி வந்தது. எத்தனை லட்சம் இலையைக் குனிந்து பார்த்திருப்பேன்! இந்தப் பக்கம் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்ததில்லை. சோறு போடுகிறவள் முகம் அங்கிருந்து பார்க்க எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவெல்லாம் இல்லை, அழுதேன். கோமதி என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, "சோத்துல உப்பு கூடிரும், அழாம சாப்பிடுங்க," என்றாள்.

ஒரு வாய் எடுத்து வைத்தேன். நாக்குச் சுட்டது.

"அட, உப்பே இல்லியே!"

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் மதுரைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டவன், மகளுக்கு உப்பில்லாத சோறு போட்டிருக்கிறேன். உப்பு டப்பாவை எடுக்கப் பாய்ந்தேன், உலகு கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இருக்கட்டும்ப்பா. நல்லாருக்கு. சூடா இருக்கு."

இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். பானையைச் சுரண்டினோம். அடிப்பிடித்த சோறு யாருக்கென்று அவளுக்கும் கோமதிக்கும் சண்டை.

பிறகு என்ன பேசுவது என்று கவலைப்பட்டேனே, அதற்கு நேரமே கிடைக்கவில்லை. அவள் என்ன படிக்கப் போகிறாள் என்று அவளிடமே கேட்டேன், ஓடையில் காலை விட்டுக்கொண்டு விளக்கினாள். கால்வாசி புரிந்தது. ஹாஸ்டலில் சாப்பாடு பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறதாம். கெட்டில் வாங்கி, ரவைப் பையும் புளிக்காய்ச்சல் பாட்டிலும் கொண்டு போ, ஒரு ஹாஸ்டல் அறைக்கு அது போதும் என்றேன். "அப்போ நீங்க யோசிச்ச கேம்ப் மெனு மொத்தமும் எனக்கு நாலு வருசத்துக்கு ஆச்சு," என்றாள். ராத்திரிப் புளிச்சோற்றுக்கும் இலை அறுத்துக்கொண்டு வந்தாள். இன்று காலை உப்புமாவில் உப்பு கச்சிதம், ஏனென்றால் அடுப்பிலிருந்து இறக்கும் முன் ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். முறை தவறியது தவறியதாகவே இருக்கட்டும்.

செங்கோட்டை விருந்து பிரமாதமாம். சிக்னல் வந்ததும் ஆவுடை குதித்துக்கொண்டு சொன்னான். முதலாளி பாயசம் குடித்துவிட்டு, "அப்படியே குத்தாலிங்கம் கை," என்றாராம். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஒரு சின்னக் குறையாவது வந்திருக்கலாம், நான் இல்லாதது தெரிந்திருக்குமே!

பதினேழாம் தேதிப் பக்கத்தைப் புரட்டி, ஆள் இரண்டு என்பதை அடித்து மூன்று என்று திருத்தினேன். வழக்கம்போல அடியில் எழுதினேன்: பார்ட்டி திருப்தி.

ஆகஸ்ட் 5, புதன்

சாயங்கால ரயிலில் உலகு போய்விட்டாள். இரண்டு கிலோ ரவை வறுத்துத் தாளித்துக் கொடுத்திருக்கிறேன், வெந்நீர் விட்டால் போதும். புளிக்காய்ச்சல் பெரிய பாட்டில். ரயில் நகரும்போது ஜன்னலுக்குள்ளிருந்து கத்தினாள், "அப்பா, அம்மாவுக்கு ராத்திரிக்குச் சூடா எதாவது பண்ணிக் குடுங்க!"

வீட்டுக்கு வந்தோம். கோமதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் சின்னப் பானையை எடுத்துக் கூட்டாஞ்சோறு ஏற்றினேன். ருசி பார்த்தேன், உப்பு சரி.

மேக்கரைக்கு வாங்கின தட்டுகளையே எடுத்து வைத்தேன். தட்டு இரண்டு. ஒன்று கோமதிக்கு, ஒன்று எனக்கு.